விலகலும் விலக்கலும்
'தனிமை' என்னும் சொல் குறித்து ஒரு மதிப்பாய்வு

2020ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக் காலத்தில் தமிழில் மிகுதியாக அச்சேறிய சொற்களுள் ஒன்று 'தனிமைப்படுத்தல்'. நோயுற்றவரைப் பிறரிடமிருந்து பிரித்து வைப்பதற்கும், நோய் தொற்றியிருக்கலாம் என ஐயுறப்பட்டவரைத் தடுத்து வைப்பதற்கும் மருத்துவ உலகில் இரு வேறு சொற்கள் உள்ளன. அரபுமொழி முன்னதை 'அஸ்ல்' என்றும் பின்னதை 'ஹஜ்ர்' என்றும் வேறுபடுத்தி வழங்கியது. தமிழில் இரண்டும் பெரும்பாலும் தனிமைப்படுத்தல் என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கின. அதே காலத்தில் நம் சொற்பொழிவுகளிலும் சிறு வெளியீடுகளிலும் ஹிரா குகையின் தியானம் தனிமை எனப்பட்டது. இஃதிகாஃப் தனிமை எனப்பட்டது. அபூதாலிப் கணவாயின் துயரமும் தனிமை எனப்பட்டது. ஒருவர் விரும்பி மேற்கொண்டதும், ஒருவர் மீது பகைவர் சுமத்தியதும், ஒருவர் நலங்கருதி மருத்துவர் விதித்ததும் ஒரே பெயரால் அழைக்கப்படுமாயின், அம்மூன்றையும் ஒரே தராசில் நிறுக்கும் பழக்கமும் நம்மிடையே வந்துவிடும். வந்தும் விட்டது என்பதே இக்கட்டுரையின் கவலை.

'ஐசொலேஷன்' என்னும் ஆங்கிலச் சொல்லின் வேர், தீவைக் குறிக்கும் 'இன்சுலா' என்ற இலத்தீன் சொல்லாகும். தீவு தன்னைத் தானே தீவாக்கிக் கொள்வதில்லை. அதனைச் சூழ்ந்த நீரையும் எவரும் கொண்டுவந்து ஊற்றவில்லை. அச்சொல் ஒரு நிலையைக் காட்டுகிறதேயன்றி அந்நிலையை உண்டாக்கியவரைக் காட்டவில்லை. தமிழின் 'தனிமை'யும் இத்தகையதே. 'மை' ஈற்றுப் பண்புப்பெயராதலின், அது வினைமுதலைச் சொல்லாது. தொல்காப்பிய உரியியல், புலம்பு என்ற சொல்லுக்குத் தனிமை எனப் பொருள் கூறுகிறது. இன்று புலம்புதல் என்றால் அழுது அரற்றுதல். தனிமையில் துயரத்தைக் கேட்ட செவி தமிழ்ச் செவி என்பது இதனால் விளங்கும். அதே வேளையில் 'தனி' என்பதற்கு ஒப்பற்றது என்ற பொருளும் உண்டு. இறைவனைத் தனித்தவன் என்று போற்றும் வழக்கு நம்மிடம் உள்ளது. துயரத்தையும் மேன்மையையும் ஒருங்கே சுமக்கும் இச்சொல், அவற்றை விளைத்தவர் யார் என்பதை மட்டும் மறைத்துக் கொள்கிறது.

ஐன், ஸாய், லாம்

அரபுமொழி இவ்விடத்தில் மிகக் கண்டிப்பானது. ஸர்ஃப் கலையின் தொடக்க நூல்களைப் பயின்றோர் இதனை எளிதில் உணர்வர். ஐன், ஸாய், லாம் என்ற மூன்று எழுத்துகளைக் கொண்ட வேரிலிருந்து 'அஸல' என்று கூறினால், ஒருவர் மற்றொருவரைப் பிரித்து வைத்தார் என்பது பொருள். 'இஃதஸல' என்றால் ஒருவர் தாமே விலகிக்கொண்டார் என்று பொருள்படும். 'இன்அஸல' என்றால் பிரிந்துபோனார், பிரிவுக்கு ஆளானார் என்பதாம். வேர் ஒன்றே, வாய்பாடு மாறும்போது செய்தவர் மாறுகிறார்.

திருமறையில் இவ்வேர் பத்து இடங்களில் வருகிறது. அவற்றுள் ஏழு இடங்களில் இஃதிஸால் வாய்பாட்டில், அதாவது தாமே விலகிக்கொள்ளும் பொருளில் அமைந்துள்ளது. இப்ராஹீம் (அலை) அவர்கள் தம் சமூகத்தார் வணங்கியவற்றை விட்டு விலகியதும் (19:48, 49), குகைவாசிகள் ஊரை விட்டு விலகியதும் (18:16), தம்மை ஏற்காவிடினும் தம்மைத் துன்புறுத்தாது ஒதுங்குமாறு மூஸா (அலை) அவர்கள் கேட்டுக்கொண்டதும் (44:21), போரினின்று விலகி நிற்போர் பற்றிய இரு வசனங்களும் (4:90, 91) இவ்வகையின. ஏழாவது, மாதவிடாய் குறித்த வசனம் (2:222). அதனைப் பின்னர்க் காண்போம்.

எஞ்சிய மூன்றும் சிந்தனைக்குரியவை. ஷைத்தான்கள் வேதத்தைச் செவியுறுவதினின்று விலக்கப்பட்டவர்கள் என்பது ஒன்று (26:212). நூஹ் (அலை) அவர்களின் மகன் ஒதுக்கிடத்தில் நின்றான் என்பது மற்றொன்று (11:42). அவ்வொதுக்கிடம் அவனே தேர்ந்துகொண்டது. அந்நிலையிலும் தந்தை அவனைக் கப்பலுக்கு அழைத்துக்கொண்டே இருந்தார். மூன்றாவது, நபி (ஸல்) அவர்களின் துணைவியர் தொடர்பான வசனம் (33:51). ஒரு மனிதர் இன்னொரு மனிதரை ஒதுக்கி வைத்தல் என்ற பொருளில் இவ்வேரின் வினைச்சொல் திருமறையில் வரும் ஒரே இடம் இதுதான். அங்கும், ஒதுக்கி வைத்தவரை மீண்டும் நாடுவதில் குற்றமில்லை என்ற அனுமதி அதே வசனத்திலேயே உடன் வந்துவிடுகிறது. பிரித்து வைக்கும் சொல் வந்த இடத்திலேயே திரும்பச் சேர்க்கும் வழியும் சொல்லப்பட்டிருப்பதைத் தற்செயல் என்று கடந்து செல்ல மனம் ஒப்பவில்லை.

ஆக, இவ்வேரைக் கொண்டு நாம் கேட்க வேண்டிய வினாக்கள் இரண்டு. செய்தவர் யார்? திரும்பும் வழி எது?

விலகு, விலக்கு

இந்நுட்பம் அரபுக்கு மட்டுமே உரியது, தமிழில் அதனைக் கொணர இயலாது என்று எவரேனும் கருதினால் அது தமிழை அறியாமையாகும். தமிழில் தன்வினைக்கும் பிறவினைக்கும் இடையே ஓரெழுத்தே வேலியாக நிற்கிறது. விலகு, விலக்கு, ஒதுங்கு, ஒதுக்கு, நீங்கு, நீக்கு. விலகியவர் தாமே சென்றவர். விலக்கப்பட்டவர் பிறரால் அகற்றப்பட்டவர். 'இஃதஸல'வுக்கு ஒதுங்கினான் என்பதும், 'அஸல'வுக்கு ஒதுக்கினான் என்பதும் எத்துணைப் பொருத்தமாக அமைகின்றன! திருமறையின் தமிழாக்கங்கள் பலவும் விலகுதல், ஒதுங்குதல் என்ற சொற்களையே கையாண்டு இவ்வேறுபாட்டைக் காத்துள்ளன. அதற்காக அம்மொழிபெயர்ப்பாளர்களைப் பாராட்ட வேண்டும். இழப்பு நேர்வது தமிழாக்கங்களில் அன்று. அவற்றை மேற்கோள் காட்டிப் பேசும் மேடைகளிலும், நம் அன்றாட வழக்கிலுமே.

மாதவிடாய் வசனத்தை எடுத்துக்கொள்வோம். அங்கு வினை ஆண்களை நோக்கியது. அவர்கள் விலகியிருக்க வேண்டும் என்பதே கட்டளை. எதிலிருந்து விலக வேண்டும் என்பதையும் நபிமொழி வரையறுத்துவிட்டது. அக்காலத்தில் உடன் உண்ணாமலும் ஓரிடத்தில் உறையாமலும் பெண்களை ஒதுக்கி வைத்த வழக்கம் பற்றிக் கேட்கப்பட்டபோது, தாம்பத்திய உறவு ஒன்றைத் தவிர மற்றவற்றில் தடையில்லை என்று நபி (ஸல்) அவர்கள் விளக்கியதை அனஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பில் காண்கிறோம். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அந்நாள்களில் பருகிய பாத்திரத்தில், அவர்கள் வாய் வைத்த இடத்திலேயே தம் வாய் வைத்து நபி (ஸல்) அவர்கள் பருகியதும் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது.

தமிழகத்து வழக்கோ அந்நாள்களை 'வீட்டுக்கு விலக்கு' என்றும் 'தூரம்' என்றும் குறித்தது. விலகு, விலக்கு ஆயிற்று; ஆணுக்கு இடப்பட்ட கட்டளை, பெண் மீது இடப்பட்ட தடையாக மாறிற்று. நம் வீடுகளிலும் அவ்வழக்கின் நிழல் விழுந்ததுண்டு. ஒரு 'க்' மிகுந்ததால் ஒரு பெண் கூடத்தினின்று கொல்லைக்கு நகர்த்தப்படுகிறாள் எனில், இலக்கணம் வெறும் ஏட்டுக் கல்வி அன்று என்பது தெளிவு.

இத்தாவின் நிலையும் இதனை ஒத்ததே. 'இத்தத்' என்ற அரபுச் சொல்லின் வேர்ப்பொருள் எண்ணுதல். கணவனை இழந்தவளுக்கு நான்கு மாதமும் பத்து நாளும் எண்ணப்பட வேண்டும் (2:234). அலங்காரத்தைத் தவிர்த்தலும் வீட்டில் தங்குதலும் அதன் விதிகள். சொல்லிலோ விதியிலோ இருட்டறை இல்லை. தேவைக்காகப் பகலில் வெளியே செல்ல ஃபிக்ஹு நூல்கள் அவளுக்கு இடமளிக்கின்றன. ஜாபிர் (ரலி) அவர்களின் சிறிய தாயார் மணவிலக்கின் இத்தாவில் இருந்தபோது தம் பேரீச்ச மரங்களின் காய் பறிக்கப் புறப்பட்டார். ஒருவர் கண்டித்துத் தடுத்தார். நபி (ஸல்) அவர்களோ சென்று பறிக்குமாறு அவருக்கு அனுமதி அளித்தார்கள். அத்தகைய சட்டம் சில ஊர்களில் திரையிட்ட அறைக்குள் அமர்த்தி வைக்கும் சடங்காகிவிட்டது. எண்ணுவதற்குரிய காலம், அடைத்து வைப்பதற்குரிய இடமாகிவிட்டது.

தங்குதலும் வெறுமையும்

இஃதிகாஃபைத் தனிமை என்று பெயர்ப்பதும் மறுபரிசீலனைக்குரியது. அதன் வேர் 'அகஃப'. ஒன்றைப் பற்றிக்கொண்டு அகலாதிருத்தல் என்பது அதன் பொருள். சிலைகளைப் பற்றிக் கிடந்தோரைக் குறிக்கவும் (7:138), புனிதப் பள்ளியருகே வாழ்வோரைக் குறிக்கவும் (22:25) திருமறை இவ்வேரையே பயன்படுத்துகிறது. ஆகவே இஃதிகாஃபின் அழுத்தம் எதைப் பற்றியிருக்கிறோம் என்பதிலேயே உள்ளது. எதைப் பிரிந்தோம் என்பது இரண்டாவது. அது நிகழும் இடமும் ஆளரவமற்ற காடன்று. ஐவேளையும் மக்கள் கூடும் பள்ளிவாசல். நபி (ஸல்) அவர்கள் இஃதிகாஃபில் இருந்தபோது அன்னை ஸஃபிய்யா (ரலி) அவர்கள் வந்து உரையாடிச் சென்றதும், அவர்களை வழியனுப்ப நபியவர்கள் எழுந்து உடன் வந்ததும் நாம் அறிந்தவையே.

'கல்வத்' என்பது வேறு. அதன் வேர்ப்பொருள் வெறுமை, காலியாதல். தமிழ் முஸ்லிம்களின் நாவில் அது 'கல்வத்து' எனத் தமிழாகி நிலைபெற்றது. கீழக்கரையின் பெரியார் ஒருவர் கல்வத்து நாயகம் என்றே அழைக்கப்பெற்றார். ஹிராவுக்குச் செல்லும் நாள்களில் நபி (ஸல்) அவர்களுக்கு விருப்பமாக்கப்பட்டதை அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் அறிவிப்பு இவ்வேரின் சொல்லாலேயே குறிக்கிறது. அவ்வறிவிப்பு உடனே மற்றொன்றையும் சொல்கிறது. அண்ணலார் உணவு எடுத்துச் செல்வார்கள். அது தீர்ந்ததும் அன்னை கதீஜா (ரலி) அவர்களிடம் திரும்பி, மீண்டும் எடுத்துச் செல்வார்கள். குகைக்கும் வீட்டுக்கும் இடையே ஒரு பாதை எப்போதும் திறந்திருந்தது. நக்ஷபந்திய்யா தரீக்காவினர் இன்னும் ஒருபடி சென்று, 'கல்வத் தர் அஞ்சுமன்' என்பதைத் தம் நெறிகளுள் ஒன்றாக்கினர். சபை நடுவே இருந்துகொண்டே உள்ளத்தால் இறைவனுடன் தனித்திருத்தல் என்பது அதன் கருத்து. உடலை அகற்றாமல் உள்ளத்தை வெறுமையாக்கும் இக்கல்வத்தைத் தனிமை என்ற சொல் எங்ஙனம் தாங்கும்?

உஸ்லாவின் எல்லை

'உஸ்லா' குறித்துத் தனிநூல் எழுதியோருள் ஹதீஸ் கலை அறிஞர் இமாம் அல்கத்தாபி (மறைவு ஹி. 388 / கி.பி. 998) குறிப்பிடத்தக்கவர். தாம் பரிந்துரைக்கும் உஸ்லா, ஜும்ஆவையும் ஜமாஅத்தையும் ஸலாமையும் மக்களுக்குரிய கடமைகளையும் கைவிடுவதன்று என்பதை அவர் தெளிவாகச் சொல்லிவிடுகிறார். தேவைக்கு மிஞ்சிய கூட்டுறவையும் பயனற்ற பேச்சையும் குறைப்பதே அவர் கருதியது. அவரது நூலின் தலைப்பை மட்டும் கண்டு அவரைத் துறவுக்குத் துணை அழைப்போர் அவ்வரையறையைக் கண்ணுற வேண்டும்.

இமாம் கஸ்ஸாலி (மறைவு ஹி. 505 / கி.பி. 1111) அவர்களின் 'இஹ்யா'வில் இரண்டாம் காற்பகுதியின் ஆறாவது நூல் உஸ்லா பற்றியது. அதற்கு முந்தைய நூல் தோழமையின் ஒழுக்கங்களைக் கூறுவது. அவ்வைப்புமுறையே ஒரு பாடம். ஒதுங்கி வாழ்வதன் ஆறு பயன்களை எண்ணிக் காட்டும் இமாமவர்கள், அதனால் இழக்கப்படுபவை எனக் கலந்து வாழ்வதன் ஏழு பயன்களையும் எண்ணிக் காட்டுகிறார்கள். கற்றலும் கற்பித்தலும் அவ்வேழில் முதலாவது. எது சிறந்தது என்ற வினாவுக்குப் பொதுவான ஒரு விடை இல்லை. ஆளையும் அவர் நிலையையும் கலப்போரையும் பொறுத்தே தீர்ப்பு அமையும் என்பது அவர்களின் முடிவு. இம்முடிவு ஏட்டில் மட்டும் நின்றதன்று. ஹி. 488இல் (கி.பி. 1095) பக்தாத் நிஜாமிய்யாவின் பேராசிரியப் பதவியைத் துறந்து வெளியேறிய இமாமவர்கள், ஹி. 499இல் நைசாப்பூரில் மீண்டும் கற்பிக்க அமர்ந்தார்கள். இடைப்பட்ட ஆண்டுகளிலும் குடும்பத்தின் தேவைகள் தம் கல்வத்தின் தெளிவைக் கலைத்ததை 'அல்முன்கித்' நூலில் மறைக்காமல் பதிவு செய்துள்ளார்கள். அவர்களின் விலகலைப் புகழ்வோர் பலர். அவர்கள் திரும்பி வந்ததை நினைவூட்டுவோர் சிலரே.

மக்களோடு கலந்து அவர்கள் தரும் தொல்லையைப் பொறுத்துக்கொள்ளும் இறைநம்பிக்கையாளர், அவ்வாறு கலவாதவரைவிடச் சிறந்தவர் என்ற நபிமொழி திர்மிதீயிலும் இப்னுமாஜாவிலும் உள்ளது. குழப்பம் மிகுந்த காலத்தில் ஆடுகளோடு மலையுச்சிக்கு ஒதுங்குபவர் பற்றிய நபிமொழி புகாரியில் உள்ளது. இவை முரண்படுபவை அல்ல. முன்னது வாழ்வின் பொதுநிலை; பின்னது, இருத்தலே கேடாகும்போது எழும் விதிவிலக்கு. படித்த நம்மவர் சிலர் மஹல்லாவை விட்டுக் குடிபெயர்ந்து, அதன் பள்ளியையும் பைத்துல்மாலையும் நலிந்தோரையும் மறந்து, தம் நிலைக்கு உஸ்லா என்று பெயரிடுகின்றனர். ஆறு பயன்களுள் எதனை அவர்கள் அடைந்தனர் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

கஅபும் கணவாயும்

இனி, மிக வேதனையான இடத்துக்கு வருகிறோம். ஊர்விலக்கு. ஜமாஅத்தின் முடிவுக்கு இணங்காத குடும்பத்தை நல்லது கெட்டதினின்று ஒதுக்கி வைத்தல், திருமணப் பதிவேட்டை மறுத்தல், அடக்கத்தலத்தை மறுத்தல் ஆகிய வழக்கங்கள் சில ஊர்களில் இருந்துள்ளன. அதற்குச் சான்றாக எடுத்துக்காட்டப்படுவது கஅப் பின் மாலிக் (ரலி) அவர்களின் வரலாறு. தபூக் போருக்குச் செல்லாத கஅப், முராரா, ஹிலால் (ரலி) ஆகிய மூவரிடமும் ஐம்பது நாள்கள் எவரும் பேசவில்லை. எனவே ஒதுக்கி வைத்தல் சுன்னத் என்பது அவர்கள் வாதம்.

அவ்வரலாற்றை முழுமையாகப் படிப்போர் வேறொன்றைக் காண்பர். கஅப் (ரலி) அவர்கள் அந்நாள்களிலும் ஜமாஅத் தொழுகைக்கு வந்தார்கள்; கடைத்தெருவில் நடந்தார்கள். பள்ளிவாசல் அவர்களுக்கு மூடப்படவில்லை. நாற்பதாம் நாள் மனைவியரை விட்டு விலகியிருக்குமாறு செய்தி வந்தபோது, மணவிலக்குச் செய்ய வேண்டுமா என்று அவர்கள் கேட்டார்கள்; இல்லை, நெருங்காதிருந்தால் போதும் என்பதே விடை. முதியவரான ஹிலால் (ரலி) அவர்களுக்குப் பணிவிடை செய்ய அவர் மனைவிக்கு அனுமதி கிடைத்தது. தம் தலைவரால் புறக்கணிக்கப்பட்டவர் நம்மிடம் வரலாம் என கஸ்ஸான் மன்னன் எழுதிய மடலைக் கஅப் (ரலி) அவர்கள் அடுப்பிலிட்டு எரித்தார்கள். தாம் இன்னும் இச்சமூகத்தவரே என்ற உறுதி அவர்களிடம் இருந்தது. இறுதியில் மன்னிப்பு இறங்கியபோது (9:118) நற்செய்தி சொல்ல மக்கள் போட்டியிட்டு ஓடினார்கள். தல்ஹா (ரலி) அவர்கள் எழுந்து விரைந்து வந்து கைலாகு கொடுத்தார்கள். ஐம்பது நாளும் ஊர் முழுவதும் காத்திருந்தது அவர்களின் மீட்சிக்கே. காலவரையறை அற்றதும், சொத்துத் தகராற்றில் பிறந்ததும், மன்னிப்புக்கு வழியற்றதுமான ஊர்விலக்குக்கு இதில் எங்கே சான்று?

ஊர்விலக்குக்கு உண்மையில் ஒத்த நிகழ்வு ஸீராவில் ஒன்று உண்டு. அது மதீனாவில் நடந்ததன்று; மக்காவில் நடந்தது. ஹாஷிம் குலத்தாரோடு மணவுறவும் வணிகமும் கூடாது என்று குறைஷியர் ஓர் ஆவணம் எழுதிக் கஅபாவில் தொங்கவிட்டனர். நபித்துவத்தின் ஏழாம் ஆண்டு தொடங்கி ஏறத்தாழ மூன்றாண்டுகள் அபூதாலிப் கணவாயில் பசி தாண்டவமாடியது. மணத்தையும் வணிகத்தையும் மறுத்தோர் யார், மறுக்கப்பட்டோர் யார் என்பதை எண்ணிப் பார்த்தால், நம் ஊர்விலக்குத் தீர்மானங்கள் எவருடைய ஏட்டைப் படியெடுத்தவை என்பது புலனாகும். அந்த ஆவணத்தைச் செல்லாததாக்க முன்வந்தோரும் அன்று இஸ்லாத்தை ஏற்றிராத குறைஷியரே. ஹிஷாம் பின் அம்ரு இரவில் ஒட்டகத்தில் உணவேற்றிக் கணவாய்க்குள் விரட்டிவிட்டார்; முத்இம் பின் அதீ சபையில் எழுந்து எதிர்த்தார். ஒதுக்குதலைக் கண்டு மனம் பொறாமை மனித இயல்பு. அது அவர்களிடம் இருந்தது.

இங்கு எழுத்துப் பெயர்ப்பு பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கஅப் (ரலி) அவர்களிடம் பேசாதிருந்ததைக் குறிக்கும் 'ஹஜ்ர்' வேறு. நோய்த்தடுப்பைக் குறிக்கும் 'ஹஜ்ர்' வேறு. முன்னதன் முதலெழுத்து ஹிஜ்ரத்தில் வரும் ஹே. பின்னதன் முதலெழுத்து ஹஜ்ஜில் வரும் ஹே. நம் முன்னோர் அரபுத்தமிழ் எழுத்தில் எழுதியபோது இவ்வேறுபாடு கண்ணுக்குத் தெரிந்தது. தமிழெழுத்தில் அது மறைந்துவிட்டதால், பொருளை விளக்கிச் சொல்லும் பொறுப்பு எழுதுவோரைச் சார்ந்ததாகிறது.

நோயும் நோயாளியும்

கொள்ளைநோய் பரவிய ஊருக்குள் செல்லாதீர், அங்கிருப்போர் தப்பியோட வெளியேறாதீர் என்ற கருத்துள்ள நபிமொழியை, ஷாம் நாட்டு எல்லையில் ஸர்ஃக் என்னும் இடத்தில் அப்துர்ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்கள் கலீஃபா உமர் (ரலி) அவர்களுக்கு எடுத்துரைத்தார்கள். 2020இல் நம் ஆலிம்கள் இந்நபிமொழியைச் சரியாகவே மக்களிடம் சேர்த்தனர். ஆயின் அதன் கட்டளைகள் இரண்டும் தன்வினைகள் என்பது கவனிக்கப்படவில்லை: நீ செல்லாதே, நீ வெளியேறாதே. நோயுற்றவரை வெறுக்கவோ அவர் வீட்டைக் குற்றவாளியின் வீடாகக் காணவோ அதில் ஒரு சொல்லும் இல்லை.

அவ்வாண்டின் மார்ச், ஏப்ரல் மாதங்களில் நடந்ததோ முற்றிலும் பிறவினை. தில்லி நிஜாமுத்தீன் ஒன்றுகூடலைக் காரணம் காட்டி, நோயாளியிடமிருந்து தள்ளி நிற்கச் சொன்ன ஒழுங்கு, ஒரு சமுதாயத்தையே தள்ளி வைக்கும் கூச்சலாகத் திரிந்தது. வெளிநாட்டு தப்லீக் ஜமாஅத்தினர் மீதான வழக்குகளை 2020 ஆகஸ்டில் மும்பை உயர்நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு ரத்துச் செய்தது; அவர்கள் பலிகடாவாக்கப்பட்டனர் என்ற கருத்தையும் பதிவு செய்தது. தனிமைப்படுத்தல் என்ற ஒரே சொல் மருத்துவமனையிலும் தெருவிலும் இரு வேறு வேலைகளைச் செய்ததை அன்று நாம் நம் உடலால் உணர்ந்தோம். அவ்வாறு உணர்ந்த சமுதாயம் தன் மஹல்லாவுக்குள் வேறொருவரை ஒதுக்குவதற்கு முன் இருமுறை எண்ண வேண்டாமா?

இறுதியாக, எவரும் விலக்காமலும் தாம் விலகாமலும் தனித்துப் போனவர்கள் உள்ளனர். அயல்நாட்டில் பிள்ளைகள் வாழ, பெரிய வீட்டில் இருவராகவோ ஒருவராகவோ எஞ்சிய முதியோரே அவர்கள். இதுதான் 'இன்இஸால்', செய்தவர் பெயர் இல்லாத பிரிவு. அவர்களிடம் பொறுமையைப் பற்றியும் உஸ்லாவின் சிறப்பைப் பற்றியும் பேசுவது எளிது. ஆனால் ஸக்கரிய்யா (அலை) அவர்கள் தம்மைத் தனித்தவராக விட்டுவிடாதே என்று இறைவனிடம் இறைஞ்சினார்கள் (21:89). ஒரு நபியே தனிமையை அஞ்சி மன்றாடினார் என்றால், அந்த அச்சம் ஈமானின் குறைவன்று. அவ்விறைஞ்சலுக்கு விடையாக அல்லாஹ் அவர்களுக்கு ஒரு மகனைத் தந்தான். விலகிச் சென்ற இப்ராஹீம் (அலை) அவர்களுக்கு இஸ்ஹாக்கையும் யஃகூபையும் தந்ததாக 19:49 கூறுவதும் இங்கு இணைத்து நோக்கத்தக்கது. திருமறை காட்டும் விலகல்கள் உறவின்மையில் முடியவில்லை.

ஆகவே எழுதுவோரிடமும் மிம்பரில் நிற்போரிடமும் வேண்டுவது இதுவே. இஃதிஸாலை விலகல் என்றும், அஸ்லை விலக்கல் என்றும், இஃதிகாஃபைத் தங்கியிருத்தல் என்றும், கல்வத்தைக் கல்வத் என்றுமே எழுதுங்கள். தனிமை என்ற சொல்லை அதற்குரிய துயரத்துக்கு விட்டுவிடுங்கள். ஒருவர் தனித்திருப்பதாகச் செய்தி வந்தால், அதற்கு வசனம் தேடுமுன் அவர் தாமே சென்றாரா, நாம் அனுப்பினோமா என்று கேளுங்கள். நாம் அனுப்பியிருப்பின், அவர் வீட்டுக் கதவைத் தட்டிய பிறகு அடுத்த ஜும்ஆவுக்கான உரையை எழுதலாம்.